எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணியில?

நாங்கள் மூன்று பேர். மூன்று பேரும் கலைப்பீடம். ஒருத்தருக்குப் புவியியல், ஒருத்தருக்குப் பொருளியல், ஒருத்தருக்குத் தமிழ். மூன்று பேரின் வீடும் வலப்பனைப் பிரதேசத்துக்குள்தான். இராகலை டவுனில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, அதுக்குப் பிறகு தேயிலை மலை வழியாக நடக்க வேண்டிய தோட்டங்கள். கம்பஸ் லீவு விட்டால் ஊருக்குப் போவோம். தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் சாதாரண தரம் எழுதப் போகும் பிள்ளைகளுக்குச் சும்மா வகுப்பு எடுப்போம். தமிழ், வரலாறு, புவியியல் என்று எங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பதுதான் வழக்கம். போன லீவில் பிள்ளைகள் அதைக் கேட்கவில்லை. "அக்கா, மூல் கணக்கு சொல்லித் தருவீங்களா? செறிவு கணக்கும் வரும்னு சொன்னாங்க" என்று கேட்டார்கள்.

கேட்டதுக்குக் காரணம் இருந்தது. அவர்களின் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்த சேர் மாற்றலாகிப் போய் இரண்டு தவணை ஆகியிருந்தது. பதிலுக்கு யாரும் வரவில்லை. புத்தகம் மட்டும் கையில் இருந்தது.

இது எங்களுக்குப் புதுக் கதை இல்லை. இலங்கையில் பாடசாலைகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருந்தால் 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் இருந்தால் 1சி. தரம் 11 வரை போனால் 2ஆம் வகை. அதுக்கும் கீழே 3ஆம் வகை. நாங்கள் மூன்று பேரும் படித்தது 1சி. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தவரும் எங்களுக்குள் இருக்கிறார். ஆனால் தமிழ் மொழியில் உயர்தர விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் ஊரை விட்டுப் போய் போர்டிங்கில் தங்க வேண்டும், டியூஷனுக்குக் கட்ட வேண்டும். கொழுந்துக் கணக்கில் ஓடும் வீட்டில் அந்தக் கணக்கு சரிவராது. "நீ ஆர்ட்ஸ் செய்" என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. வேறு எதுவும் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் பிள்ளைகள் கேட்டதும் "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல மனம் வரவில்லை. தரம் 10, தரம் 11 புத்தகங்களை எடுத்து வைத்து மூன்று இரவு உட்கார்ந்தோம். அந்த மூன்று இரவிலும், பிறகு நடந்த பத்து வகுப்பிலும் நாங்கள் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதல் வகுப்பில் கொப்பி திறக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு குடம் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு, ஒரு தேக்கரண்டி உப்பு. எதில் உப்பு கூட? "டம்ளர்ல" என்று எல்லாரும் கத்தினார்கள். "ரெண்டுலயும் ஒரே கரண்டிதானே போட்டோம்?" என்று திருப்பிக் கேட்டதும் ஒரு நிமிஷம் அமைதி. பிறகு பின்னால் இருந்த ஒரு பையன், "உப்பு ஒன்னுதான் அக்கா. கரிப்புதான் வேற" என்றான். செறிவு என்ற பாடம் அந்த ஒரு வரியில் முடிந்து விட்டது. போட்ட உப்பின் அளவு வேறு, செறிவு வேறு. செறிவு எப்போதும் இரண்டு எண்ணால் ஆனது: கரைந்தது எவ்வளவு, எவ்வளவு கரைசலில்.

உப்புச் செறிவு என்ன செய்யும் என்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு விளங்கப்படுத்த ஆய்வுகூடம் தேவையில்லை. மழைக்காலத்தில் கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு, இடுப்பில் சின்னதாக ஒரு உப்பு முடிச்சும் செருகிக்கொண்டு போவார்கள். அட்டை கடித்தால் அதன் மேல் உப்பை வைப்பார்கள். அட்டை சுருண்டு விழும். "உப்பு எரிக்கும், அதான்" என்றார்கள் பிள்ளைகள். எரிப்பதை விடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அட்டையின் ஈரமான உடம்பில் உப்பு பட்டதும், வெளியே மிகச் செறிவான உப்புக் கரைசல் உண்டாகிறது. உள்ளே இருக்கும் நீர் அந்தப் பக்கமாக இழுபடுகிறது. புத்தகத்தில் இதுக்குப் பெயர் பிரசாரணம். செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்கு, மென்சவ்வைத் தாண்டி நீர் போகும். கருவாடு கெடாமல் இருப்பதும், ஊறுகாய் போட்டால் எலுமிச்சை தண்ணி விடுவதும் இதே காரணத்தால்தான்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறோம் என்றால், அட்டைக்கு நடப்பது மனுசக் குடலிலும் நடக்கும். அதுக்குத்தான் வருகிறோம்.

இரண்டாவது வகுப்பு மூல். பிள்ளைகள் பயந்தது இதுக்குத்தான். கிராமில் அளந்தாலே போதுமே, இது எதுக்கு என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாங்கள் பலசரக்குக் கடையை உதாரணம் எடுத்தோம். ஒரு கிலோ கடலையும் ஒரு கிலோ தேங்காயும் எடை ஒன்று. எண்ணிக்கை ஒன்றா? கரைசலுக்குள் வேலை செய்வது துணிக்கைகளின் எண்ணிக்கை. அவற்றை ஒவ்வொன்றாக எண்ண முடியாது, அதனால் நிறுத்து எண்ணுகிறோம். சோடியம் குளோரைட்டு 58.5 கிராம் எடுத்தால் அது ஒரு மூல். குளுக்கோசு 180 கிராம் எடுத்தால் அதுவும் ஒரு மூல். இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றே, 6.022 × 10²³. அதை அவகாதரோ எண் என்கிறார்கள். ஒரு லீற்றர் கரைசலில் எத்தனை மூல் இருக்கிறது என்று சொன்னால், எந்தக் கரைசலையும் எந்தக் கரைசலோடும் ஒப்பிடலாம்.

ஒப்பிட எங்களுக்குக் கிடைத்த நல்ல சாமான் ஜீவனி. வயிற்றோட்டம் என்றால் தோட்டத்து டிஸ்பென்சரியில் கொடுக்கும் அதே பக்கட். இந்த வகைக் கரைசலுக்கு உலக சுகாதார நிறுவனம் 2002இல் திருத்திய அளவு இது: ஒரு லீற்றருக்குச் சோடியம் குளோரைட்டு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 1.5 கிராம், சோடியம் சித்திரேற்று 2.9 கிராம். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, "எது கூட?" என்று கேட்டோம். குளுக்கோசு என்றார்கள். சரி, மூலுக்கு மாற்றுவோம்.

குளுக்கோசு 13.5ஐ 180ஆல் பிரித்தால் 0.075 மூல்.

உப்பு 2.6ஐ 58.5ஆல் பிரித்தால் 0.044 மூல். ஆனால் சோடியம் அதில் மட்டும் இல்லை. சித்திரேற்றிலும் இருக்கிறது. அது 2.9ஐ 294ஆல் பிரித்தால் கிட்டத்தட்ட 0.01 மூல். ஒவ்வொரு சித்திரேற்றோடும் மூன்று சோடியம் வருவதால் அது 0.03. இரண்டையும் கூட்டினால் 0.074. எடைகளைத் தசமத்தில் மட்டம் தட்டாமல் எடுத்தால் 0.075.

ஒரு பிள்ளை எழுந்து, "ரெண்டும் ஒன்னா வருது" என்றாள்.

ஆமாம். எடையில் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். மூலில் பார்த்தால் சோடியமும் குளுக்கோசும் சமம். இது தற்செயல் இல்லை. சிறுகுடலின் சுவரில் குளுக்கோசும் சோடியமும் சேர்ந்தே உள்ளே போகிற ஒரு வாசல் இருக்கிறது. அவை உள்ளே போனால் பின்னாலே தண்ணீரும் போகும். வயிற்றோட்டம் கடுமையாக இருக்கும்போதும் அந்த வாசல் பெரும்பாலும் வேலை செய்யும். வெறும் தண்ணியும் வெறும் சீனித் தண்ணியும் செய்ய முடியாததை இந்த இரண்டும் சேர்ந்து செய்கிறது. கிராமில் மட்டும் கணக்குப் பார்த்திருந்தால் இந்தச் சமன் எங்கள் கண்ணில் பட்டிருக்காது. மூல் எதுக்கு என்ற கேள்விக்கு இதை விட நல்ல பதில் எங்களிடம் இல்லை.

அடுத்தது பக்கட்டைக் கரைக்கிற விஷயம். எங்கள் லயங்களில் சின்னப் பிள்ளைக்கு ஒரு டம்ளரில் பக்கட்டை முழுசாகக் கரைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. "மருந்து நல்லா ஏறட்டும்" என்ற எண்ணம்தான். பிள்ளைகளிடம் இதையே கணக்காகக் கொடுத்தோம். ஒரு லீற்றருக்கான பக்கட்டை 200 மில்லிலீற்றரில் கரைத்தால் சோடியம் செறிவு என்ன? ஐந்து மடங்கு. 0.375. பக்கத்தில் ஒப்பிட மூன்று எண்களை எழுதினோம். இரத்தத்தில் சோடியம் கிட்டத்தட்ட 0.14. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன், லீற்றருக்கு 9 கிராம் உப்பு, அதாவது 0.154. கடல் தண்ணியில் சோடியம் 0.47 அளவில்.

அந்த டம்ளர் இரத்தத்தைத் தாண்டி, சேலைனைத் தாண்டி, கடலுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ஏற்கெனவே நீர் இழந்த பிள்ளையின் குடலுக்குள் அது போனால், அட்டைக்கு நடந்ததுதான். உடம்பில் மிச்சமிருக்கும் நீரும் குடலுக்குள் இழுபடும். வயிற்றோட்டம் கூடும். இரத்தத்தில் சோடியம் ஏறினால் வலிப்பு வரைக்கும் போகலாம்.

வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா வாசலிலிருந்தே கேட்டார்: "அதே பக்கட்தானே பாப்பா? மிச்சத் தண்ணியைப் பொறவு குடுத்தா ஆகாதா?" எந்தப் புத்தகத்திலும் இந்தக் கேள்வி இல்லை. ஆனால் வகுப்பில் வந்த கேள்விகளில் இதுதான் முக்கியமானது. மொத்த அளவு ஒன்றுதான், ஆனால் குடல் மொத்தத்தைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்தில் உள்ளே வரும் கரைசலின் செறிவைத்தான் பார்க்கிறது. மிச்சத் தண்ணீர் வந்து சேர்வதுக்கு முன்னாடியே இழுவை தொடங்கி விடும். "அப்போ ஒரு லீற்றர் போத்தல்லயே கரைக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதேதான். பக்கட்டில் எத்தனை மில்லிலீற்றர் என்று போட்டிருக்கிறதோ அந்த அளவு கொதித்து ஆறிய தண்ணீரில், முழுப் பக்கட்டையும் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கரைத்த பிறகு கொதிக்க வைக்கக் கூடாது. 24 மணித்தியாலத்துக்குப் பிறகு மிச்சத்தை ஊற்றி விட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து கண் உள்ளே போனால், குடிக்க முடியாமல் இருந்தால், மலத்தில் இரத்தம் கண்டால், காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு.

பக்கட் இல்லாத இரவுக்கும் ஒரு அளவு உண்டு. ஒரு லீற்றர் தண்ணீரில், தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனி, தலை தட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. பிள்ளைகளிடம் கணக்குப் போடச் சொன்னோம். ஆறு கரண்டி சீனி கிட்டத்தட்ட 25 கிராம். சீனியின் மூலர்த் திணிவு 342. விடை 0.073. ஒவ்வொரு சீனி மூலக்கூறும் குடலில் உடைந்து ஒரு குளுக்கோசைத் தரும். ஆக ஜீவனியின் 0.075க்குப் பக்கத்தில் வந்து விட்டோம். கரண்டியால் அளந்ததும் பக்டரியில் நிறுத்ததும் இவ்வளவு நெருக்கமாக வந்ததைப் பார்த்து, எங்களை விடப் பிள்ளைகளுக்குத்தான் சந்தோசம்.

இந்தக் கரைசலின் வரலாறும் எங்கள் பிள்ளைகளுக்கு அந்நியமானது இல்லை. 1971இல் வங்காளதேசப் போரில் இலட்சக்கணக்கான மக்கள் எல்லை தாண்டி மேற்கு வங்காளத்துக்கு ஓடி வந்தார்கள். பன்காவ் முகாமில் வாந்திபேதி பரவியது. ஏற்றுவதற்குச் சேலைன் போதவில்லை. திலீப் மஹலனாபிஸ் என்ற டொக்டர், உப்பும் குளுக்கோசும் அப்பச் சோடாவும் நிறுத்துப் பக்கட்டாக்கி, பெரிய டிரம்களில் கரைத்து, சொந்தக்காரர் கையாலேயே நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்க வைத்தார். 30 வீதம் அளவில் இருந்த சாவு 4 வீதத்துக்கும் கீழே வந்தது. நேர்ஸ் இல்லாத இடத்தில், ஊசி இல்லாமல், அம்மாவும் அக்காவும் செய்த வைத்தியம் அது.

அதுக்குப் பிறகு நடந்தது இன்னும் பெரிது. 1980இலிருந்து வங்காளதேசத்தில் பிராக் என்ற அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் கிள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் தண்ணீர் என்று வாயால் சொல்லிக் கொடுத்தார்கள். பத்து வருஷத்தில் ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள். எங்களை நிறுத்தி வைத்த விஷயம் வேறொன்று. அம்மாமார் கலக்கிய கரைசலில் மாதிரி எடுத்து, ஆய்வுகூடத்தில் உப்புச் செறிவை அளந்தார்கள். ஒரு அம்மாவின் கிள்ளு எவ்வளவு, இன்னொரு அம்மாவின் கிள்ளு எவ்வளவு என்று ஒப்பிட்டார்கள். சொல்லிக் கொடுத்த ஊழியரின் சம்பளம், அந்த அம்மாக்கள் எவ்வளவு சரியாகப் படித்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கணக்குப் பார்க்கப்பட்டது. பாடம் நடந்ததா என்று அவர்கள் கேட்கவில்லை. பாடம் ஏறியதா என்று கேட்டார்கள். எழுத்து வாசிக்காத அம்மாக்களுக்குச் செறிவு விளங்காது என்று அங்கே யாரும் முடிவு செய்யவில்லை.

எங்கள் பேட்ச்சில் கிளிநொச்சிப் பக்கத்து நண்பர் ஒருவர் இருக்கிறார். இதையெல்லாம் அவரிடம் சொன்னபோது ஆனையிறவு உப்பளத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. உப்பளத்திலும் நாள் முழுக்க நடப்பது செறிவை ஒப்பிடும் வேலைதான். கடல் தண்ணீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிக் காய விடுகிறார்கள். நீரமானியை மிதக்க விட்டுப் போமே பாகையில் அளக்கிறார்கள். கடல் தண்ணீர் 3, 3.5 பாகை. 25 பாகையைத் தொடும்போது உப்பு படியத் தொடங்கும். 30க்குக் கிட்டப் போனால் மிச்சத் தண்ணியை வடித்து விட வேண்டும். விட்டால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து கசக்கும்.

அந்தப் பேச்சிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு கடினமான கணக்குக் கொண்டு போனோம். 100 கிராம் தண்ணீரில் கிட்டத்தட்ட 36 கிராம் உப்புத்தான் கரையும். அப்படியென்றால் அதன் செறிவு என்ன? ஒரு லீற்றருக்கு 360 கிராம் என்று எடுத்து 58.5ஆல் பிரித்தால் 6.15 வரும். ஆனால் அது ஒரு லீற்றர் தண்ணீருக்கு. ஒரு லீற்றர் கரைசலுக்கு இல்லை. உப்புக் கரைந்ததும் கனவளவு கூடுகிறது. மொத்தம் 1360 கிராம், அடர்த்தி 1.2 என்று எடுத்தால் கனவளவு 1.13 லீற்றர். சரியான விடை 5.4க்குக் கிட்ட. அதனால்தான் ஆய்வுகூடத்தில் முதலில் உப்பைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து, பிறகு கனமானக் குடுவையின் கோடு வரைக்கும் தண்ணீர் சேர்க்கிறார்கள். ஜீவனி மாதிரி ஐதான கரைசலில் இந்த வித்தியாசம் மிகச் சின்னது. செறிவு கூடக் கூடத்தான் 'எதுக்கு எவ்வளவு' என்ற கேள்வி கடுமையாகிறது.

இந்தக் கேள்வியை வகுப்போடு விட எங்களுக்கு மனமில்லை. மலையகக் கல்வியைப் பற்றி யார் பேசினாலும் ஒரு எண் சொல்வார்கள். இத்தனை ஆசிரியர் நியமனம், இத்தனை கட்டடம். எத்தனை பிள்ளைகளுக்கு, எந்தப் பாடத்துக்கு, எந்தப் பாடசாலைக்கு என்ற இரண்டாவது எண் வராது. குடத்தில் போட்ட உப்பை டம்ளரில் போட்ட மாதிரிக் கணக்குக் காட்டினால் எப்படி? பல்கலைக்கழக அனுமதியிலும் இதுதான். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளுக்கு 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கிறது. அந்த ஒதுக்கீடு தேவை, அதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு மாவட்டத்தை ஒரு முழுக் கரைசலாக எடுத்துக்கொள்கிறது. மாவட்டம் அப்படி இல்லை, சீனி போட்டுக் கலக்காமல் விட்ட தேத்தண்ணி மாதிரி. எந்த மிடறு யாருக்குக் கிடைக்கிறது என்பது, பக்கத்தில் 1ஏபி பாடசாலை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. உயர்தரத்தில் விஞ்ஞானமே எடுக்க முடியாத பிள்ளைக்கு அந்த ஒதுக்கீட்டால் என்ன?

பத்து வகுப்பு முடிவில் பதினாலு பேரில் பதினொரு பேர் செறிவுக் கணக்கைத் தாங்களாகவே போட்டார்கள். இந்த எண்ணையும் இரண்டு பக்கத்தோடுதான் சொல்கிறோம். மிச்ச மூன்று பேருக்கு இன்னும் பிரித்தல் கணக்கே தடுமாறுகிறது. அது தரம் 6இல் விட்டுப்போன கடன். "ரெண்டும் ஒன்னா வருது" என்று சொன்ன பிள்ளை, உயர்தரத்தில் சயன்ஸ் எடுக்க முடியுமா என்று எங்களிடம் கேட்டாள். எந்தப் பாடசாலை, எவ்வளவு தூரம், மாதத்துக்கு எவ்வளவு என்று அவள் அம்மாவோடு இஸ்தோப்பில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். அந்தக் கணக்கு இன்னும் முடியவில்லை.

இதை வாசிக்கிற உங்களில் விஞ்ஞானப் பீடத்தில் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். அடுத்த லீவில் நாங்கள் அமிலம், காரம் தொடங்க வேண்டும். அதுக்கு எங்கள் மூன்று இரவு போதாது. வலப்பனைப் பக்கம் ஒரு கிழமை வந்து தங்க முடியுமா? வீடு இருக்கிறது, சோறு இருக்கிறது, குளிர் கூடவே இருக்கும். வரும்போது ஒரு கனமானக் குடுவை கொண்டு வாருங்கள். பிள்ளைகள் அதைப் படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.